கூட்டாளி போன பிறகு: வட சென்னையின் தொழில் கணக்கு

சென்னை மெட்ரோவின் நீலத் தடத்தில் வடக்கே போனால் வண்டி கடைசியாக நிற்கும் இடம் விம்கோ நகர்ப் பணிமனை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டித் தடம் நீண்டபோது, புறநகர் ரயில் நிலையத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயரே மெட்ரோவுக்கும் வந்தது. அங்கே இறங்கி வீட்டுக்கு நடக்கிறவர்களுக்கு அது ஓர் ஊர்ப்பெயர். உண்மையில் அது ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் முதலெழுத்துச் சுருக்கம்.

1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு கடும் சுங்கம் விதித்தது. கப்பல் சரக்கை வைத்தே இந்தியச் சந்தையைப் பிடித்திருந்த ‘ஸ்வீடிஷ் மேட்ச்’ நிறுவனத்துக்கு அந்த வரி வாசலை அடைத்தது. அந்நிறுவனம் சுங்கச் சுவருக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. 1923இல் விம்கோ பிறந்தது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, திருவொற்றியூர் என்று அதன் ஆலைகள் பரவின. தாய் நிறுவனத்தை ஆண்ட ஐவர் க்ரூகர், அன்றைய உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் கைக்குள் வைத்திருந்தவர். 1932இல் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார். விம்கோ அதையும் தாண்டி ஓடியது. 2005இல் ஸ்வீடன்காரர்கள் தங்கள் பங்கை ஐ.டி.சி. குழுமத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

விம்கோ பிறந்த அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். சில மாதம் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மன் இயந்திரம் வரவழைத்தார்கள். பிறகு இயந்திரத்தைவிடக் கைவேலையே தங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகும் என்று கண்டுகொண்டார்கள். சிறு பட்டறைகளுக்குக் கிடைத்த வரிச்சலுகையும் சேர்ந்துகொள்ள, சிவகாசித் தீப்பெட்டி விம்கோவின் சந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. விம்கோவில் முதலும் நுட்பமும் முடிவெடுக்கும் உரிமையும் ஸ்வீடனிடம் இருந்தன. சிவகாசிக்காரர்களிடம் முதல் குறைவு. கற்ற தொழில் மட்டும் முழுக்கச் சொந்தம்.

வெளிநாட்டு நிறுவனமும் உள்ளூர் நிறுவனமும் சேர்ந்து தொழில் செய்வதை எடைபோட இந்த இரண்டு கதைகளும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. கூட்டாளி கிளம்பிப் போன பிறகு பட்டறையில் என்ன மிஞ்சியது? ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பட்டையில் இந்தக் கேள்விக்கு எழுபது, எண்பது வருடத்துப் பதில்கள் வரிசையாக நிற்கின்றன.

ரயில், உப்பளம், துறைமுகம்

இந்தத் தொழில்கள் இங்கே வந்ததற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1836இல், வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள் ஒன்றுகூடி மெட்ராஸ் வர்த்தக சபையைத் தொடங்கியிருந்தன. இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையை அமைத்தது 1909இல். அதற்கு முன்னின்றவர் பிட்டி தியாகராயச் செட்டியார். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. துறைமுகம் பக்கத்தில், ரயில் பாதை ஓரத்தில், பக்கிங்காம் கால்வாய் குறுக்கே, உப்பளத்தை ஒட்டி மலிவான நிலம். இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்ததால் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தொழிற்கூட்டுகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியே இறங்கின.

அவற்றில் மிகவும் பேர்போனது புல்லட். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளை ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ 1949 முதல் இறக்குமதி செய்து விற்றது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 புல்லட் வேண்டுமென்று கேட்டதும் நிலைமை மாறியது. அவ்வளவு பெரிய கிராக்கி இருக்கும்போது வண்டியை ஏன் இங்கேயே செய்யக் கூடாது? 1955இல் ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் பாகங்களை வார்க்கவும் கடையவும் வேண்டிய கருவிகளையே ரெடிட்ச் விற்றது. 1962க்குள் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

இதன்பின் நடந்ததை ரெடிட்ச்சில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஜப்பான் வண்டிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் 1967இல் ரெடிட்ச் ஆலை மூடியது. மிச்சமிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. குருவின் பட்டறை அடைத்துவிட்டது. சீடனின் பட்டறையில் உலை அணையவில்லை. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ரெடிட்ச்சில் பழைய ஆலை இருந்த இடம் இன்று ‘என்ஃபீல்டு’ என்ற பெயரைத் தாங்கிய தொழிற்பேட்டை. நம் விம்கோ நகரைப் போலவே அங்கேயும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால் இந்தக் கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கருவிகள் கைமாறின, புது வண்டியை வரையும் திறன் கைமாறவில்லை. அதனால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினையே அரை நூற்றாண்டுக்கு மேல் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் ஒழுகாத புல்லட் உண்டா என்ற கேலி அந்தக் காலத்து மெக்கானிக்குகளிடம் சாதாரணம். 1994இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தை வாங்கிய பின், 2000களின் இறுதியில்தான் எஞ்சின் முழுதாக மாறியது. 2017இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நிறுவனம் தன் சொந்த வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. அறுபது வருடத்துக்கு முன் வாங்காமல் விட்ட பாடத்தைத் தேடிக்கொண்டு அங்கேயே போக வேண்டியிருந்தது. இப்போது ஆர்ஜென்டினா (2020), தாய்லாந்து (2021), பிரேசில் (2022) என்று பிற நாட்டில் வண்டி பூட்டுவதற்கு இவர்கள் பாகங்களை அனுப்புகிறார்கள். 1955இல் திருவொற்றியூர் இருந்த இடத்தில் இன்று அந்த நாடுகள் இருக்கின்றன.

லாரி, டயர், சாணைக்கல்

எண்ணூரில் 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் தம் மகன் அசோக்கின் பெயரை வைத்தார். அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். அடுத்து பிரிட்டிஷ் நிறுவனமான லேலண்டின் ‘காமெட்’ லாரிக்கு மாறியது. 1955இல் லேலண்டு பங்குதாரராகி, ‘அசோக் லேலண்டு’ என்ற பெயர் வந்தது. பிரிட்டனில் லேலண்டு குழுமம் நொடித்து, 1975இல் அரசின் கைக்குப் போனது. 1987இல் எண்ணூர் நிறுவனத்தில் லேலண்டுக்கு இருந்த பங்கை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து வாங்கின. லீட்ஸ் நகரில் லேலண்டுக்குச் சொந்தமான பஸ் ஆலை மூடப்பட்டபோது, அதன் மிச்சத்திலிருந்து 1985இல் எழுந்தது ஆப்டேர் என்ற நிறுவனம். 2010இல் அசோக் லேலண்டு அந்த ஆப்டேரில் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

அசோக் லேலண்டு கற்றதைத் தானும் கற்பித்தது. 1982இல் இலங்கையில் ‘லங்கா அசோக் லேலண்டு’ தொடங்கியது. கொழும்புக்கு அருகே பனாகொடையில், எண்ணூரிலிருந்து போன பாகங்களைக் கொண்டு பஸ்ஸும் லாரியும் பூட்டினார்கள். இலங்கைச் சாலைகளில் ஓடும் பஸ்களின் முகப்பில் அந்தப் பெயரைப் பார்க்காமல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போய்ச் சேர்வது கடினம்.

திருவொற்றியூரில் 1946இல் கே. எம். மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் ரப்பருக்கு மாறினார். டயரே செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டு நுட்பம் வேண்டும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டு டயர் நிறுவனத்துடன் கைகோத்து 1961இல் எம்.ஆர்.எஃப். டயர் உற்பத்தியில் இறங்கியது. அமெரிக்கச் சாலைக்காகச் செய்த கலவை நம் சாலைக்கு ஒத்துவரவில்லை. இங்கே வெயில் அதிகம், குழி அதிகம், லாரியில் ஏற்றும் சுமையோ அளவுக்கு மேல். எனவே 1963இல் திருவொற்றியூரிலேயே ரப்பர் ஆராய்ச்சி மையம் வந்தது. கூட்டாளி கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பிரித்துப் பார்த்துத் திருத்தும் பழக்கம் அங்கே தொடங்கியது. நான்கே வருடத்தில், 1967இல், எம்.ஆர்.எஃப். டயர் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1970களின் கடைசியில் மான்ஸ்ஃபீல்டு விலகிக்கொண்டது. ஒஹையோவில் அதன் ஆலையும் மூடியது.

மூன்றாவது உதாரணம் சாணைக்கல்லும் உப்புத்தாளும். 1954இல் அமெரிக்காவின் கார்போரண்டம், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல், இங்கே முருகப்பா குழுமம் என மூன்று தரப்பும் சேர்ந்து ‘கார்போரண்டம் யுனிவர்சல்’ நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை அமைந்த இடம் திருவொற்றியூர். பெயரில் முதல் பாதி அமெரிக்கருடையது, பின் பாதி ஆங்கிலேயருடையது. நாளடைவில் இருவரும் வெளியேறிவிட்டார்கள். 2007இல் இந்த நிறுவனம் ரஷ்யாவின் வோல்ஷ்ஸ்கி உராய்பொருள் ஆலையை வாங்கியது. மறு வருடம் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஜிர்கோனியா ஆலையில் பெரும்பங்கைப் பிடித்தது.

மூன்று நிறுவனங்களிலும் ஒரே தடம் தெரிகிறது. முதலில் வெளியிலிருந்து நுட்பத்தை வாங்குகிறார்கள், அடுத்து அதைத் தங்கள் கைக்குப் பழக்கிக்கொள்கிறார்கள், கடைசியில் தாங்களே வெளிநாட்டுக்குப் போகிறார்கள்.

இதில் கூட்டாளிகளின் நல்ல மனசுக்கு உள்ள பங்கு சிறிது. 1953இல் சுங்கவரி ஆணையம் ஒரு தெளிவான பரிந்துரை செய்தது: பாகங்களைப் படிப்படியாக இந்தியாவில் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே வாகனத் தொழிலில் இடம். வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கற்றுக்கொடுக்கச் சம்மதித்த லேலண்டு தங்கியது. 1973இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டவர் பங்கை 40 சதவீதத்துக்குள் இறக்கச் சொன்னது. பின்னாளில் இந்த விதிகளே தொழிலை முடக்கின என்ற விமர்சனமும் வந்தது. அதிலும் நியாயம் உண்டு. போட்டி இல்லாத அடைத்த சந்தையில்தான் புல்லட் அரை நூற்றாண்டு மாறாமல் இருந்தது. இருந்தாலும் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியை ஒப்பந்தத்துக்குள் நுழைத்தது அந்த விதிகள்தான்.

ஈரானின் பங்கு

திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கதை வேறு மாதிரி. 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் 74:13:13 என்ற விகிதத்தில் பங்கு போட்டு ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கின. அமெரிக்கரும் ஈரானியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சென்னைக்கு ஆலை கட்டிய காலம் அது. ஈரானின் கச்சா எண்ணெயை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் உற்பத்தி தொடங்கியது. இன்று அதன் திறன் 1 கோடியே 5 லட்சம் டன்.

அமோக்கோ 1985இல் விலகியது. ஆலை 2000இல் ‘சென்னை பெட்ரோலியம்’ என்று பெயர் மாறி, அடுத்து இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமானது. ஈரான் மட்டும் போகவில்லை. அதன் துணை நிறுவனம் ஒன்றின் பெயரில் சுமார் 15.4 சதவீதப் பங்கு தொடர்ந்தது. ஆனால் அமெரிக்கத் தடை இறுகியதால் 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. கூட்டாளி ஏட்டில் இருந்தார், எண்ணெய் வரவில்லை. ஆலை தடுமாறவில்லை; வேறு நாடுகளின் எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனை அது எப்போதோ வளர்த்துக்கொண்டிருந்தது. ஒரே கூட்டாளியை மட்டும் நம்பி வடிவமைக்கும் எந்த ஆலைக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கப்பல் கணக்கர்கள்

1991க்குப் பிறகு கூட்டின் முகம் மாறியது. பொருள் செய்யும் கூட்டைவிடப் பொருளைக் கையாளும் கூட்டு முன்னுக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் அரசே கட்டிய கன்டெய்னர் முனையம், 2001இல் பி அண்ட் ஓ நிறுவனத்துக்கு 30 வருடக் குத்தகைக்குப் போனது. 2006இல் துபாயின் டி.பி. வேர்ல்டு அந்த நிறுவனத்தையே வாங்கியதால் முனையமும் கைமாறியது. 2009இல் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. இரண்டாவது முனையத்தை இயக்கத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க உருவாகி, 2001இல் இயங்கத் தொடங்கியது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான முதல் பெருந்துறைமுகம் அது. ராயபுரம் பக்கத்து வீடுகளில் கரித்தூள் படிகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011இல் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. 2010 முதல் நிசான் கார்கள் எண்ணூர் வழியே கப்பலேறின. 2014இல் எண்ணூர்த் துறைமுகத்துக்குக் காமராசர் பெயர் சூட்டினார்கள்.

ஆனால் துறைமுகம் இருப்பதால் மட்டும் சிறு நிறுவனம் ஏற்றுமதி செய்துவிட முடியாது. கத்திவாக்கத்திலோ மணலியிலோ வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர் ஜெர்மனிக்குப் பாகம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் முகத்தை அவர் பார்த்ததில்லை. பணத்துக்கு உத்தரவாதமாக வங்கிக் கடன்கடிதம் வேண்டும். சரக்கின் தரத்துக்கு ஆய்வாளர் சான்று, கப்பலில் ஏற்றியதற்குச் சரக்குச்சீட்டு, வழியில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு, சரக்கு எந்தத் தீர்வை எண்ணின்கீழ் வரும் என்று சொல்லும் சுங்க முகவர், ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று பார்க்கும் வழக்கறிஞர், செலாவணிக் கணக்கு எழுதும் ஆடிட்டர் எல்லாரும் வேண்டும். ராஜாஜி சாலை சுங்க இல்லத்தைச் சுற்றி, தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிப்படி இருட்டில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருக்கும் அலுவலகங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கம்பெனி காலத்துத் துபாஷியின் வாரிசுகள் இவர்கள். துபாஷி என்றாலே இரண்டு மொழி அறிந்தவர். இவர்கள் அறிந்த இரண்டு மொழிகளில் ஒன்று பட்டறை பேசுவது, மற்றது கப்பல் பேசுவது.

இவர்களுக்குத் துணையாக அமைப்புகளும் உண்டு. பொறியியல் பொருள் ஏற்றுமதிக்கு 1955இல் ஒரு மேம்பாட்டுக் குழு, வாங்கியவர் பணம் தராமல் போனால் ஈடு செய்ய 1957இல் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம், 1956 முதல் இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை. வங்கித் துணையும் பழையது. 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகிச் சென்னைவாசிகளின் சேமிப்பை விழுங்கியபோது, அந்த ஆத்திரத்தில் 1907இல் பிறந்த இந்தியன் வங்கி 1932இல் கொழும்பிலும் 1941இல் சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. பெரிய நிறுவனம் இந்த வாசல்கள் எல்லாவற்றையும் தன் ஆட்களை வைத்தே தட்டிவிடும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த வழியைக் காட்ட ஆள் தேவை. வணிகக் கூட்டை ஊக்குவிப்பது என்பது வட சென்னையைப் பொறுத்தவரை முதலில் இந்த வேலைதான்.

மேசையில் இல்லாதவர்கள்

இதுவரை எழுதிய ஒப்பந்தங்களில் ஒன்றில்கூடக் கையெழுத்திடாத ஒரு தரப்பு இந்தக் கரையிலேயே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை உள்ள மீனவக் குப்பங்கள்தான் அது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைத்தவர்கள், அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அந்த நீரில் படிவதைப் பார்த்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய கருப்பு எண்ணெயை ஆட்கள் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு எடுத்த காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் செல்லும் அமோனியாக் குழாய் கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள்.

கூட்டின் லாபத்தில் பங்கில்லாதவர்கள் அதன் சேதத்தில் முழுப்பங்கு வாங்குகிறார்கள். கூட்டாளி போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வியை இவர்கள் கேட்டால், கழிமுகத்துச் சேற்றைக் காட்டுவார்கள்.

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றின் மதிப்பு 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. தொகையைக் கேட்டுக் கைதட்டுவதோடு நிற்காமல், ஒவ்வோர் ஒப்பந்தத்திடமும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை வருடத்துக்குள் எந்தெந்த நுட்பம், வடிவமைப்பு உட்பட, இங்குள்ளவர்கள் கைக்கு வரும்? சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளிடம் எவ்வளவு கொள்முதல் நடக்கும்? விபத்து நேர்ந்தால் கரையில் இருப்பவர்களுக்கு யார், எத்தனை நாளில், எவ்வளவு ஈடு தருவார்கள்? முதல் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ரெடிட்ச்சையும் திருவொற்றியூரையும் படித்தால் போதும். மூன்றாவது கேள்விக்கு விடை எழுத உட்காரும்போது எண்ணூர்க் குப்பத்து மீனவர்களையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.